பேய்ப்படம் ஓடிய மதியம்

படம் ஓடாமல் எனக்கு உளி நகராது இன்ஸ்பெக்டர் ஐயா. எந்தப் படத்தின் போஸ்டரைப் பலகையில் செதுக்குகிறோமோ, அந்தப் படம் பட்டறை டிவியில் சத்தமாக ஓடவேண்டும். இந்தத் தெஷி ஊரில் எங்கள் தெருவுக்கே அது பழகிப்போனது.

முகங்களைப் புடைப்பாகச் செதுக்குவது நான். நிறம் தீட்டுவது லார்யா. பதினாறு வருடம். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான், பிறவிக் கோளாறு. ஒருமுறை அவன் ஊரில் இல்லாதபோது நானே தீட்டிவிட்டேன். பேயின் வாயில் பச்சை ரத்தம் வழிந்ததாம், தெருவே கூடிச் சிரித்தது. அவன் கைபடாத என் பலகை வெறும் விறகு. அது அவனுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை வந்து சொன்னான்: "அண்ணே, டெமா துறைமுகத்துல வேற ஒரு ஆளோட சேரப்போறேன். கோவிச்சுக்காதீங்க."

"அப்ப நான் என்னடா பண்ணுவேன்?"

"நாற்காலி செய்யுங்க. கை இருக்குல்ல?"

நாற்காலியாம். ஆனாலும் கத்தவில்லை, காலில்கூட விழுந்தேன், பொய்யில்லை. அவன் சிரித்துக்கொண்டே தன் பெயிண்ட் டப்பாக்களை எடுக்கப் பின்பக்கம் போனான். மரம் அடுக்கி வைக்கும் பழைய கப்பல் கன்டெய்னர் அங்கே இருக்கிறது. முழுக்க இரும்பு, ஜன்னல் கிடையாது. அவன் உள்ளே போனதும் வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். யோசிக்க நேரம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு வெயில் ஏறியது. கத்த ஆரம்பித்தான். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு உளியை எடுத்தேன்.

பக்கத்தில் கெங்கி என்ற சோளமாவு உருண்டை விற்கும் நார்கி அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா சோவா, அந்தப் படத்துல எவன் இவ்ளோ நேரமா அலறுறான்? இன்னும் சாகலையா?"

"பேய் பிடிச்சிருக்குக்கா. லேசுல விடாது."

"பாவிப்பய. எனக்கே தொண்டை காயுது" என்று சொல்லி எனக்கு ஒரு தண்ணீர் பாக்கெட் தந்தாள். குடித்தேன்.

நடுவில் மூன்று முறை தாழ்ப்பாளில் கை வைத்தேன். இரும்பு சுட்டது. திறந்தால் நேரே பஸ் ஏறிவிடுவானே என்று பயம் ஐயா, உயிரே போகிற பயம். மூன்று மணிக்குமேல் படத்தின் குரல் மட்டும்தான் கேட்டது. படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

நாலரைக்குத் திறந்தேன். அடைத்தவன் நான்தான், கேட்டும் திறக்காதவனும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு மர அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போகிற எண்ணமே முகத்தில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டேன்.

"தெரியும்டா, நீ போகமாட்டேன்னு" என்றேன்.