நாடி நோட்டு

– மார்ச் பதினொன்று, புதன். நேற்று காலை எண்ணிய நாடியை மாலைக் கட்டத்தில் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது. திருத்திவிட்டேன்.

– அதைச் சத்தமா வேற படிக்கிறியேம்மா. உன்னை யாரு தூக்குல போடப் போறா?

– நாளைக்கு டாக்டர் பார்க்கிற நோட்டுப்பா. என் தப்பும் அதுல இருக்கணும்.

– சரி, இன்னிக்கு எவ்வளவு?

– காலைல தொண்ணூத்தாறு. இப்ப அம்மா எண்ணினது நூத்தி ரெண்டு.

– கேட்டியாடி? ரெண்டு வாரம் முன்னாடி டாக்டர் பார்த்தப்ப நாப்பத்தி நாலு. இப்ப டாப் கியர். நாளை மத்தியானத்துலேர்ந்து டிரைவிங் கிளாஸ் எடுக்கிறேன்னு பேங்க் மேடம்கிட்ட சொல்லிட்டேன்.

– ஏங்க, டாக்டர் சரின்னு சொல்றதுக்கு முன்னாடியேவா?

– அம்பதுக்குக் கீழ இருந்தா சாவியைத் தொடாதே, மேல இருந்தா ஓட்டுன்னுதானே சொன்னார்? நான் ரெண்டு மடங்கு தாண்டிட்டேன்.

– அந்த மேடம் பிரேக்குன்னு நெனச்சு வைப்பரைப் போடுற ஆளு. பக்கத்துல நீங்க மயங்கிச் சாஞ்சா யாரு வண்டியை நிறுத்துவா?

– முப்பது வருஷமா ஊருக்கே 'நாப்பதைத் தாண்டாதே'ன்னு சொல்லிக் குடுத்தவன் நான். இதயமும் பாடத்தைக் கேட்டுக்கிச்சு, அவ்வளவுதான். அந்த புராஸ்டேட் கேன்சரே அடங்கிப் போச்சு, இது என்ன பிரமாதம்?

– கேன்சர் அடங்குச்சு, ஊசி அடங்கலையே. மூணு மாசத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. அது போட ஆரம்பிச்ச பிறகுதான் நாடி இப்படி இறங்குச்சு.

– இறங்கினது ஏறிடுச்சுல்ல? அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை. காதெல்லாம் கொதிக்குது.

– அதுவும் ஊசி வேலைதான். மாதவிலக்கு நின்ன சமயம் நான் அஞ்சு வருஷம் இப்படிக் கொதிச்சப்ப 'ஜன்னலைத் திற, காத்து வரும்'னீங்க. போய்த் திறங்க.

– அப்பா, எனக்கு ஒரு சந்தேகம். தப்பாக்கூட இருக்கலாம்.

– உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?

– நூத்தி ரெண்டு அடிக்கிற ஆளு பல் தேய்க்கும்போது ஏன் சுவத்துல சாஞ்சுக்கிறீங்க? மாடி ஏற ஏன் மூணு தடவை நிக்கிறீங்க?

– போர்டு ஏதாவது இருந்தா நின்னு படிப்பேன். பழக்கம்.

– நம்ம வீட்டு மாடிப்படில என்னப்பா போர்டு? அம்மா, நேத்து என் மாலை வகுப்புல முதலுதவிப் பாடம். நீ எந்த விரலால நாடி பார்க்கிறே?

– கட்டைவிரல்தான். அழுத்திப் பிடிச்சா டங்கு டங்குன்னு தெரியும்.

– கட்டைவிரலுக்குத் தனியா துடிப்பு இருக்காம். அதால பிடிச்சா நம்ம நாடியையே எண்ணிடுவோமாம்.

– நல்லா இருக்கே கதை. பதினாலு நாளா வாட்சைப் பார்த்து எண்ணுறேன்.

– கையைக் குடுங்கப்பா. நான் ரெண்டு விரலால பார்க்கிறேன். ஒரு நிமிஷம் பேசாதீங்க.

– குறட்டை விடலாமா?

– அப்பா.

– சரி, சரி.

– நாப்பத்தி ரெண்டு.

– திருப்பி எண்ணு.

– எண்ணிட்டேன். நாப்பத்தி ரெண்டுதான்.

– அப்ப நோட்டு முழுக்க இவ நாடியா? ரெண்டு வாரமா அடுத்த வண்டி மீட்டரைப் பார்த்துட்டு நான் குஷியா இருந்திருக்கேன்.

– என் தப்புப்பா. எந்த விரல்னு முதல் நாளே கேட்டிருக்கணும். எழுதி வைக்கிறேன்.

– நீ எழுது. நான் மேடத்துக்குப் போன் போட்டு வேற மாஸ்டரைப் பார்த்துக்கச் சொல்றேன். முப்பது வருஷம் உக்காந்த சீட்டு, போதும்.

– ஏங்க இப்படிப் பேசுறீங்க? பேஸ்மேக்கர் வச்சா திரும்ப ஓட்டலாமான்னு நாளைக்குக் கேப்போம்.

– அம்மா, போன மாசம் உனக்கு டெஸ்ட் எடுத்தப்ப நாடி எழுபத்தி ரெண்டுன்னு எழுதியிருந்தாங்க.

– பின்ன? எனக்கென்ன, குண்டுக்கல்லாட்டம் இருக்கேன்.

– அப்ப அப்பா கையைப் பிடிக்கும்போது மட்டும் ஏன் நூறு? அஞ்சாம் தேதி நூத்தி இருபத்தி ரெண்டு.

– அஞ்சாம் தேதியா? அன்னிக்கு சாயங்காலம் சோபாவுல தூங்கிட்டிருந்தார். நாடி பார்க்கணும்னு கூப்பிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன்.

– நான் எந்திரிச்சேனேடி.

– மூணாவது தடவைதான் எந்திரிச்சீங்க.

– அப்பா, மேடம் நம்பர் எடுத்துத் தரவா?

– மேடம் கிடக்கட்டும். முதல்ல நோட்டுல எழுதும்மா. நாளை காலை பத்தரை, டாக்டர். வண்டி நீ ஓட்டுறே. ரெண்டு டோக்கன் வாங்கணும், முதல் டோக்கன் அம்மா பேருக்கு.