கழட்டி வச்ச பெட்டி பாடுது

— பாரு, இதான் கோளாறு. இடது ஸ்பீக்கர் பெட்டில ஒயர் மாட்டற டெர்மினல் முழுக்கக் களிம்பு ஏறிக் கிடக்கு. பச்சைப் பசேல்னு.

— ஒரு வருஷமா அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன், இடது பக்கம் சத்தமே வரலன்னு. நீங்க காதுல வாங்கினாத்தானே.

— எனக்குக் கேட்டுச்சே. நீ குறை சொல்றதுக்குன்னே சொல்றேன்னு நினைச்சேன்.

— என்னமோ போங்க. இன்னிக்கு மட்டும் எப்படி ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிட்டு வந்தீங்க?

— நாளைக்கு நீ என்னை விட்டுட்டுத் தனி வீட்டுக்குப் போறே. சாமானைப் பிரிச்சதுல இந்த ஸ்பீக்கர் செட் உனக்கு. பழுதானதைத் தலைல கட்டிட்டான்னு உங்க அண்ணி ஊரெல்லாம் சொல்லக் கூடாது பாரு. அந்த உப்புத்தாளை எடு.

— இந்தாங்க. அண்ணி சொல்ல மாட்டாங்க.

— சொல்லுவாங்க. ராகம் போட்டுச் சொல்லுவாங்க. ஒயர் நுனியும் கறுத்துப் போச்சு. வெட்டிட்டுப் புதுசா அரை விரல் நீளம் சீவணும்.

— படத்தையெல்லாம் கழட்டினதுல வீடே வேற மாதிரி ஆயிடுச்சு. பேசினா சுவத்துல பட்டுத் திரும்பி வருது. யாரோ காணற கனவுக்குள்ள நாம வந்து உட்கார்ந்திருக்கோம் போல.

— திரைச்சீலையும் இல்ல. வெயில் தரையெல்லாம் தண்ணியா ஆடுது. இந்த முனையைப் பிடி. இழை பிரியாம முறுக்கணும். ஒரே ஒரு இழை தாண்டிப் போய்ப் பக்கத்து ஒயரைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயரே புகைஞ்சு போயிடும்.

— தெரியும். கல்யாணமான புதுசுல இந்தப் பெட்டிய நாம ரெண்டு பேரும்தானே மாட்டினோம். சிவப்பு சிவப்புல, கறுப்பு கறுப்புலன்னு நான் பாட்டாவே படிச்சேன்.

— பாட்டு சரியாத்தான் இருந்துச்சு. ஒயரைத்தான் மாத்தி மாட்டினே.

— சிரிக்காதீங்க. போறவளைப் பாத்துச் சிரிக்கக் கூடாது.

— போகச் சொன்னது நானில்ல.

— இருக்கச் சொன்னதும் நீங்க இல்ல. போன வருஷம் பொன்னுக்கு வீங்கி வந்து காய்ச்சல்ல முகமெல்லாம் ஊதிப் போய்க் கிடந்தேன். எல்லாம் நடிப்புன்னுட்டுக் கூட்டாளிங்களோட டூர் கிளம்பிட்டீங்க. அஞ்சு நாள். திரும்பி வந்தும் ஒரு வார்த்தை சொல்லல.

— சொன்னேன்.

— சொல்லல.

— வந்த அன்னிக்கு விடியக்காலைல கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, காதுகிட்டக் குனிஞ்சு சொன்னேன். நீ சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தே. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. சரி, இதான் பதில்னு எடுத்துக்கிட்டேன்.

— நீங்க வந்து உட்கார்ந்தது தெரியும். மெத்தை அமுங்கிச்சு. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு எழுந்து போயிட்டீங்க. வாயே திறக்கல.

— அப்ப நான் பொய் சொல்றேனா?

— நான் பொய் சொல்றேனா? விடுங்க. பாட்டைப் போடுங்க.

— சரி. சிவப்பு சிவப்புல, கறுப்பு கறுப்புல. ஒயரைக் கவ்விடுச்சு. உனக்குப் பிடிச்ச அந்தப் புல்லாங்குழலையே போடறேன். வருதா?

— வருது. எல்லாம் வலது பக்கத்துல இருந்துதான் வருது.

— விளையாடாதே. குழல் இடது பெட்டில, தாளம் வலது பெட்டில. எனக்குப் பிரிஞ்சு பிரிஞ்சு கேக்குது.

— சத்தியமா. குழல், தாளம் ரெண்டும் வலது பெட்டிலதான் குடியிருக்கு.

— அப்படியா? நடுவுல உட்காரு. கண்ணை மூடிக்கோ. திறக்கக் கூடாது. ம்... இப்ப?

— தாளம் நின்னுடுச்சு. குழல் மட்டும் சன்னமா வருது. அரைத் தூக்கத்துல கேக்கற மாதிரி. நல்லாத்தான் இருக்கு.

— எங்கேருந்து வருது? கையைக் காட்டு.

— அங்கே. வலது பெட்டி.

— கண்ணைத் திற.

— என்னது கைல?

— வலது பெட்டியோட ஒயர். ரெண்டையும் பிடுங்கிட்டேன். அது ஊமை இப்ப.

— இல்லீங்க, பாடுது. கழட்டி வச்ச பெட்டி பாடுது.

— எழுந்திரு. பெட்டிங்களுக்கு முதுகைக் காட்டி நில்லு. இப்ப எது பாடுது?

— இப்ப... இந்தப் பக்கம் தாவிடுச்சு. இடது பெட்டிக்கு வந்துடுச்சு. பாருங்க, சரியாயிடுச்சு.

— பெட்டில நான் கையே வைக்கல. நீதான் திரும்பினே.

— அப்படின்னா?

— பாட்டை நிறுத்திட்டேன். அசையாம நில்லு. காதுகிட்ட விரலைத் தேய்க்கறேன். கேக்குதா?

— கேக்குது. சரசரன்னு.

— அது வலது. இப்ப?

— ம், தேய்ங்க.

— தேய்ச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

— எங்கே?

— இடது காதுகிட்ட.

— ஏங்க... போனைக்கூட நான் வலது காதுலதான் வைக்கறேன். இடதுல வச்சா லைன் சரியில்ல, லைன் சரியில்லன்னு மாத்தி மாத்தி... அந்தப் பொன்னுக்கு வீங்கிக் காய்ச்சலுக்கு அப்புறம்தான் எல்லாம்.

— பயப்படாதே. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்டப் போவோம். சாமான் ஏத்தற வண்டியை இன்னொரு நாள் வரச் சொல்லிக்கலாம்.

— இருங்க. அன்னிக்குச் சுவத்தைப் பாத்துத்தானே படுத்திருந்தேன்?

— ஆமா.

— சுவர் எனக்கு வலது பக்கம்.

— ஆமா.

— அப்ப வலது காது தலகாணில புதைஞ்சு கிடந்திருக்கு.

— குனிஞ்சு நான் பேசினது இந்த இடது காதுகிட்டத்தான்.

— ஒயரை அப்புறம் மாட்டிக்கலாம். இப்படி எனக்கு வலது பக்கமா வந்து உட்காருங்க. அன்னிக்கு என்ன சொன்னீங்க?