அடிக்காத பேர்

செவ்வாய்க்கிழமை சாயந்தரம், கோயிலுக்குப் போக உப்பளம் ஸ்டாப்பில் ஷேர் டெம்போ ஏறினேன். எதிரே ஒரு டீச்சர். பக்கத்தில் காலி மீன்கூடையோடு வைத்திக்குப்பத்துப் பெண்.

“அக்கா, ரிஜிஸ்டர்ல உங்க பொண்ணு காவியா பேர இன்னும் நான் அடிக்கல,” என்றார் டீச்சர்.

“அவ செத்து மூணு மாசம் ஆவுதே டீச்சர்.”

“கவருமெண்டுல காசில்லன்னு வெட்டறாங்க. ஒரு புள்ள கொறஞ்சாலும் நம்ம பள்ளிக்கூடத்த மூடிடுவாங்க. அப்புறம் உங்க சின்னது எங்க போவும்?”

“சரி, இருந்துட்டுப் போவட்டும். பேரு சோறா கேக்குது?”

“நேத்து அதிகாரி வந்து அவரே பேர் கூப்ட்டாரு. காவியான்னதும் ‘உள்ளேன் ஐயா’ன்னு சத்தம் வந்துச்சி. டிக் அடிச்சிட்டுப் போயிட்டாரு.”

“எந்த வாலு சொன்னது?”

“எல்லா வாயையும் பாத்துட்டுதான் இருந்தேன் அக்கா. ஒண்ணும் தொறக்கல.”

அந்தப் பெண் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். நான் கற்பூரப் பொட்டலத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“ஜன்னல் பக்கத்துலேருந்தா வந்துச்சி?”

“ஆமாக்கா.”

“அவ எடம் அதுதான்.”

இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள்.

“அடிச்சிடாதீங்க டீச்சர். நாளைக்கும் கூப்டுங்க.”