ஒரு லென்ஸ் போதும்

வெளிநாட்டுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் சுமந்துகொண்டுதான் போகிறார்கள். கேமரா இரண்டு, லென்ஸ் நாலைந்து, முக்காலி, ஃபிளாஷ் என்று முதுகு ஒடிய ஒரு பை. முதல் நாள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அலைவார்கள். மறுநாளே பாதி சாமான் ஓட்டல் அறையில் கிடக்கும். குமணன்சாவடியில் இருக்கிற எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து இதற்கென்றே யோசனை கேட்கிறவர்கள் உண்டு. எந்த ஊர், தெரு அகலமா குறுகலா, மூட்டு வலி உண்டா என்றெல்லாம் விசாரித்துத்தான் நான் பதில் சொல்வேன். தேவாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கொஞ்சம் களைப்பாக இருக்கிறது, நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடியும்.

ஸ்டூடியோ எங்கள் இரண்டு பேருடையது. பலகையில் தேவாவின் பெயர் மட்டும் இருக்கும். பால்ராஜ் என்ற என் பெயரையும் சேர்த்தால் பலகை நீளமாகிவிடும் என்று ஆரம்பத்திலேயே சொன்னான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கல்யாண ஊர்வலத்தில் கேமராமேனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்னைக் கவனித்திருக்க மாட்டீர்கள். பூந்தமல்லி ரோட்டில் மாப்பிள்ளை அழைப்பு வருகிறது. பேண்டு, ஜெனரேட்டர் வண்டி, ஆடுகிற பிள்ளைகள். அவர்கள் முகத்தைப் பிடிக்க வேண்டுமானால் கேமராமேன் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். ஆவடி போகிற பஸ் முதுகை உரசிக்கொண்டு போகும். மூடி போடாத கால்வாய் இருக்கும், மாடு படுத்திருக்கும். அதனால் அவனுடைய பெல்ட்டை இடுப்புக்குப் பின்னால் இன்னொருவன் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பான். இடப்பக்கம் இழுத்தால் இடம், வலப்பக்கம் இழுத்தால் வலம், ஒரு தட்டு தட்டினால் நில். கல்யாண சீசன் முழுக்க எனக்கு அதுதான் வேலை. லைட் போடுவது, ஆல்பம் செய்வது, மண்டபக்காரனிடம் சண்டை போடுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இத்தனை வருஷத்தில் தேவா ஒருமுறைகூடத் தடுக்கி விழுந்ததில்லை. எனக்குத்தான் வலது தோள் இறுகிப்போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. சட்டை மாட்டுவதற்கே தினமும் அரைமணி நேரம் தகராறு. அவனிடம் சொன்னபோது, "தைலம் தேய் மச்சான், சரியாப் பூடும்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். கடைக்குப் போய்த் தைலமும் வாங்கி வந்து கொடுத்தான்.

ஒரு மழைச் சாயங்காலம் பெண் அழைப்பு. தார்ப்பாய்க்கு அடியில் பெண்ணை அழைத்து வருகிறார்கள். பேண்டுக்காரர்கள் நனைந்துபோய் நிற்கிறார்கள், அதைப் பார்த்துக் கல்யாணப் பெண் சிரித்துவிட்டாள். பின்னால் ஒரு லாரி திரும்புவதை நான் பார்த்தேன். இன்னும் சற்று இடப்பக்கம் நின்றால் அதன் ஹெட்லைட் வெளிச்சம் முழுவதும் தார்ப்பாய்க்குப் பின்னால் விழும் என்று தோன்றியது. தேவாவை இழுத்தேன், தட்டி நிறுத்தினேன். அவன் பட்டனை அமுக்கினான். மழைத்துளி ஒவ்வொன்றும் தங்கப் பொட்டு மாதிரி வந்திருந்தது.

அந்தப் படத்துக்கு வெளிநாட்டு அமைப்பு ஒன்று பரிசு கொடுத்தது. லிஸ்பனுக்குப் போய்த் தெருக்களைப் படம் எடுக்கிற பயணம். கூட ஒரு துணையும் வரலாம் என்று எழுதியிருந்தார்கள். யூடியூபில் ஒரு பையன் தேவாவைப் பேட்டி எடுத்தான். உங்களுக்கு உதவியாளர் யார் என்று கேட்டான்.

"எனக்கு ஆளெல்லாம் கிடியாதுப்பா. எப்பவும் தனியாத்தான் எடுப்பேன். கூட ஒருத்தன் நின்னா எனக்குக் கை ஓடாது" என்றான் தேவா.

கடையில் உட்கார்ந்து ஆல்பத்துக்குப் பசை தடவிக்கொண்டே அதைப் பார்த்தேன். வலித்தது. ரொம்பவும் வலித்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை என்பதையும் புரிந்துகொண்டேன். முதுகுக்குப் பின்னால் இருப்பதை அவன் பார்த்ததே இல்லை. தனியாகத்தான் எடுக்கிறோம் என்று மனப்பூர்வமாக நம்பினான்.

மறுநாள் டீ குடிக்கும்போது அவனே பேச்செடுத்தான். "புஷ்பாவுக்குப் பிளேன்னா பயம். உன்ன இட்டுகினு போலாம்னா கடைய யாரு பாத்துக்கறது? தனியாவே போய்ட்டு வந்துடறேன் மச்சான்" என்றான். புஷ்பா அவன் மனைவி. என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

சரி, தனியாகவே போகட்டும் என்று நினைத்தேன். நான் செய்தது இவ்வளவுதான். அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"இன்னா மச்சான், எத்த எத்துகினு போறது?" என்று கேட்டான். எப்போதும் என்னிடம்தான் கேட்பான். ஜூம் லென்ஸ் ஒன்று எடுத்து வைத்திருந்தான். நின்ற இடத்திலிருந்தே திருகிக்கொள்ளலாம், முழுத் தெருவும் வரும், ஒரு முகம் மட்டும் வேண்டுமானாலும் வரும். அதற்குப் பதிலாக ஐம்பது எம்எம் லென்ஸைக் கையில் கொடுத்தேன். அதைத் திருகிப் படத்தைக் கிட்டவோ தூரவோ கொண்டுவர முடியாது. ஆளை முழுசாகப் பிடிக்க வேண்டுமானால் நாம்தான் பின்னால் நகர வேண்டும்.

"ஒண்ணு போதும்டா. கையும் ஃப்ரீயா இருக்கும், பாக்கறவனும் மிரள மாட்டான். பெரிய ஆளுங்க எல்லாம் ஒரே லென்ஸ்தான்" என்றேன்.

இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு கிடையாது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தெருவில் படம் எடுக்கிறவனுக்கு ஐம்பது நல்ல லென்ஸ். லிஸ்பன் தெருக்களை வீடியோவில் நிறையப் பார்த்தேன். செங்குத்தான சரிவுகள், ஒற்றை ஆள் நிற்கிற அளவு நடைபாதை, சுவரை ஒட்டித் திரும்புகிற மஞ்சள் டிராம். டிராம் வந்தால் அந்த ஊர்க்காரர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறார்கள். அழகான ஊர். வீடுகளுக்கு நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்திருக்கிறார்கள். ஒரு வாசலை முழுசாகப் பிடிக்க ஐம்பதோடு எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

பழக்கம் வரட்டும் என்று அவனை ஆவடி மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பூக்கடைக்காரியைப் படம் எடுத்தான். நான் பெல்ட்டைப் பிடித்திருந்தேன், நடுவில் கையை எடுத்துவிட்டேன். அவன் ஒரு அடி பின்னால் வைத்தான், உடனே கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். அவனுக்கே தெரியாமல் திரும்பியது அந்தக் கழுத்து. "இன்னா மச்சான், கை வலிக்குதா?" என்றான்.

கை இல்லையென்றால் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சந்தோஷம் இருந்தது. இப்போது யோசித்தால், அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் உடம்புக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லையே, அதை என்ன செய்வது?

கேமராக்காரர்களுக்கென்று அகலமான இடுப்பு பெல்ட் விற்கிறது. அதில் சின்னச் சின்னப் பைகளைக் கோத்துக்கொள்ளலாம். ஒன்று வாங்கினேன். பின்பக்கம், நான் பிடிக்கிற இடத்தில், ஒரு பையைக் கோத்துத் தண்ணீர் பாட்டிலும் சார்ஜரும் வைத்தேன். பயணத்துக்கு என் பரிசு என்று சொல்லி அவனுக்குக் கட்டிவிட்டேன். மறுபடி அதே மார்க்கெட். இந்தமுறை கையை எடுத்தபோது அவன் திரும்பவில்லை. ஒரு அடி, இன்னொரு அடி. ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான், தேவா இன்னும் பின்னால் போகிறான். அந்தப் பையின் கனம் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் நானே எட்டி இழுத்துவிட்டேன். அவன் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது ஜூம் லென்ஸும் இருக்கட்டும் என்று பைக்குள் போட்டிருந்தான். ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏற்றும்போது அதை எடுத்துக் கடை அலமாரியில் வைத்தேன். அங்கே போய் இறங்கிய பிறகு போன் செய்தான். மேசை மேலேயே விட்டுவிட்டாய் போலிருக்கிறது என்றேன். "பரவால்ல மச்சான், நீதான் ஒண்ணு போதும்னியே" என்றான்.

பிறகு குரலில் ஒரு செய்தி அனுப்பினான். அது இன்னும் என் போனில் இருக்கிறது. "ஊரு சூப்பரா கீது மச்சான். இந்த பெல்ட்டு கீது பாரு, நீ பின்னால புட்சிகினு நிக்கற மாதிரியே கீது. தனியா வந்த மாதிரியே இல்ல." இதை மட்டும் அவன் அந்தப் பேட்டியில் சொல்லியிருக்கலாம்.

ஒரு நீல வாசலில் வயதான புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். தேவா அவர்களைப் படம் எடுத்தான். கேமராவில் கடைசிப் படத்தில் வாசல் கிட்டத்தட்ட முழுசாக வந்திருக்கிறது. மேல் விளிம்பு மட்டும் சற்றே வெட்டுப்பட்டிருக்கிறது. இன்னும் ஒரு அடி தேவைப்பட்டிருக்கும். டிராம் ஓட்டியவர்மேல் தப்பில்லை என்று அந்த ஊர்ப் போலீஸ் எழுதியது, அது சரிதான். மணி அடித்தும் அவன் திரும்பவில்லை என்று சாட்சி சொன்னார்கள்.

அம்பத்தூரில் அடக்கம் செய்தோம். புஷ்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூடப் போயிருந்தா இப்டி ஆயிருக்குமா அண்ணே?" என்று அழுதாள். ஆகியிருக்காது என்றேன். அது உண்மை. நானும் அழுதேன், அதுவும் உண்மைதான். அவனைப்போல ஒரு சிநேகிதன் எனக்கு இனி அமையப் போவதில்லை.

தேவாவின் மகள் ஜெயப்பிரியா படிப்பை முடித்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டாள். அப்பாவைவிட நல்ல கண். பின்பக்கமாக நடந்து அப்பா போனார் என்று தெரிந்த பெண், ஆரம்பத்தில் அடிக்கொரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன், இடக்கையால். மெல்ல மெல்லத் திரும்புவதை விட்டுவிட்டாள். இப்போது என் இடது தோளும் வலிக்கத் தொடங்கியிருக்கிறது.

இன்று காலை சந்தோஷமாக வந்தாள். தேவா கடைசியாக எடுத்த படங்களை லிஸ்பனில் கண்காட்சியாக வைக்கிறார்களாம். அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏற்பாடு செய்கிறவர்களோடு அவள் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மாதிரியே தானும் தனியாகத்தான் படம் எடுப்பதாக ஆங்கிலத்தில் சொன்னாள். பக்கத்தில்தான் நின்றேன், கவரில் பெயர் எழுதிக்கொண்டு.

"அப்பா நின்ன அதே எடத்துல நின்னு அந்த வாசல முழுசா எடுக்கணும் மாமா" என்றாள். பிறகு அலமாரியைக் குடைந்து அந்த ஜூம் லென்ஸை எடுத்தாள். எங்கள் சாமான் எல்லாவற்றிலும் வெள்ளை டேப் ஒட்டி அவன் பெயரை எழுதியிருப்போம். அவள் அந்தப் பெயரைக் கட்டை விரலால் தடவினாள். "அப்பா இத ஏன் உட்டுட்டுப் போனாரு? நான் எத்துகினு போட்டா?"

"கனம்மா அது. அந்தத் தெருவுக்கு ஒண்ணு போதும்" என்றேன்.

உடனே சரி என்றாள். தேவாவின் சாமான்களோடு அங்கிருந்து திரும்பி வந்த பெல்ட்டைத் துவைத்து வைத்திருந்தேன். அவள் இடுப்புக்குத் தகுந்தபடி இறுக்கி, பின்பக்கப் பையில் தண்ணீர் பாட்டிலை வைத்து நானே கட்டிவிட்டேன். ஐம்பது லென்ஸை மாட்டிக்கொண்டு, என்னைப் படம் எடுத்துப் பார்க்கிறேன் என்று கல்லாவிலிருந்து பின்பக்கமாக நடந்தாள். வாசற்படிக்கு அப்பால் குமணன்சாவடி பஸ்கள் இரைந்துகொண்டிருந்தன. நான் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றேன். படி வரைக்கும் போய் நின்றாள், படம் முழுசாக வந்துவிட்டதால் நின்றாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா கீதா மாமா?" என்றாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். வந்து கேட்கிறவர்களுக்கு நல்லதைத்தான் சொல்லி எனக்குப் பழக்கம்.