சந்தனத்துக்கு அடியில் ஒரு கோடு

இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, மேடம். அதனால் நின்றபடியே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தால் எழுப்பிவிட ரெண்டு பேர் வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து அடையாறு வரைக்கும் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று வந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை, தெரியும். போன வாரம் இதே ஸ்டேஷனில் நீங்கள் எழுதிப் படித்துக்காட்டினீர்களே, அந்தக் காகிதத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். பாலு. காந்தி நகரில் நடைபாதையில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவன். என் அப்பா துரைராஜ் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கட்டடக் கம்பி ஏற்றியவர். அம்மா சித்தாள். எனக்குப் பத்து வயதில் வேலை, அப்பா வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவது. எங்கள் வீட்டில் சக்கரம் என்றால் சோறு. சந்தோஷத்துக்காக ஒருத்தன் சைக்கிள் மிதிப்பான் என்பதே எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரியும். அப்புறம் ஆற்றோரத்துக் குடிசைகளை இடித்து, எங்களைப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடிக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த இடுப்பு பஸ்ஸுக்குப் போயிற்று.

அதே காந்தி நகரில், ஜெயபாரதி அம்மா வீட்டுக் கார் நிறுத்துகிற இடத்தில்தான் அந்தப் பச்சை சைக்கிளைப் பார்த்தேன். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். வீட்டுக்காரர் ராம்குமார் சார் காலேஜ் காலத்தில் ஓட்டிய ரேஸ் சைக்கிள் அது. அவர் போய் நாலு வருஷம். தண்ணீர் மோட்டாருக்குப் பின்னால் துருப்பிடித்து, டயர் கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தது.

“இத எடுத்துட்டுப் போயிருங்க பாலு. எடைக்குப் போடுங்க, நீங்களே வச்சுக்கோங்க, என்னமும் செய்யுங்க. பாக்கப் பாக்க எரிச்சலா வருது” என்றார்.

நீங்களே வச்சுக்கோங்க. இந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

விரலால் தட்டிப் பார்த்தேன். துருவுக்குள்ளிருந்து மணி மாதிரி சத்தம் வந்தது. கைக்குத் தெரிந்துவிட்டது, நல்ல இரும்பு. அப்புறம் ஏழு மாதம் நான் தரையில் நடக்கவில்லை, மேடம். கே.கே. நகரில் அப்துல் வஹீத் பாய் வெளிநாட்டு ஸ்பேர் பார்ட்ஸ் வைத்திருக்கிறார். அலுமினிய ரிம், பதினோரு பல்சக்கரம், பிரேக் லீவரிலேயே விரலால் தட்டினால் மாறுகிற கியர் என்று ஒவ்வொன்றாக வாங்கினேன்.

“இன்னா பாலு, கெழவிக்கு நெயில் பாலிஷா?” என்று சிரித்தார் பாய்.

“பூட்டினு வரேன் பாரு பாய். நீயே எந்திரிச்சி நிப்ப.”

பழைய சைக்கிளுக்குப் பின்பக்கக் கவட்டை குறுகல். புதுச் சக்கரம் நுழையாது. நாலு மில்லிமீட்டர்தான் இடிக்கும். மரை போட்ட நீளக் கம்பியை நடுவில் கொடுத்து, நட்டை அரைச் சுற்று திருகுவேன். போய் டீ குடிப்பேன். வந்து இன்னொரு அரைச் சுற்று. இரும்பு லேசில் விட்டுக்கொடுக்காது. கம்பியை எடுத்ததும் பழைய இடத்துக்கே ஓடிப் போகும். மூன்றாவது நாள் போகவில்லை. என் அம்மா கட்டட வேலைக்கு வைத்திருந்த மட்ட நூலைக் கட்டி அளந்து பார்த்தேன், ரெண்டு பக்கமும் மயிரிழை பிசகில்லை. புதுச் சக்கரம் வெண்ணெயில் கத்தி மாதிரி உள்ளே போனது. ரோட்டோரத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கடையில் வைக்க மனசில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். லிஃப்ட் ஓடவில்லை. எட்டு மாடியும் தோளில்தான். பாதி மாடியில் என்னை அறியாமல் விசில் வந்தது. வேலம்மா, என் சம்சாரம், கதவைத் திறந்ததும் சொன்னாள்:

“யோவ், கட்ன பொண்டாட்டிய ஒரு நாளாச்சும் இப்டித் தொடச்சிகீறியா? அதயே கட்டில்ல படுக்க வெய்யி. நான் வராண்டாவுல படுத்துக்கறேன்.”

அவளும் சிரித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை அடையாறுக்கு மிதித்தேன். சோழிங்கநல்லூர் தாண்டும்போதுதான் கவனித்தேன், இடுப்பு வலிக்கவில்லை. எங்கே போனது என்று தெரியவில்லை. கியரைத் தட்டினால் டிக் என்று ஒரு சத்தம். அந்த டிக் கேட்பதற்காகவே தேவையில்லாமல் தட்டினேன். கடை வாசல் வந்தும் கால் நிற்கவில்லை. பாலம் தாண்டி, மந்தவெளி, லஸ் என்று போய், தி.நகரில் பனகல் பூங்காவை மூன்று சுற்று சுற்றினேன்.

“இன்னா மாமா, ரேஸா? கூட ஒருத்தரையும் காணமே” என்றாள் ஒரு பூக்காரி.

“எல்லாம் பின்னால வந்துகினு கீறாங்க” என்றேன்.

நாற்பத்தேழு வயது எனக்கு. அன்றைக்குத்தான் காற்று என்றால் என்னவென்று தெரிந்தது.

அஸ்வத் வந்தது அதற்கப்புறம். ஜெயபாரதி அம்மாவின் மகன், இருபத்தொன்பது வயது, ஆறடிக்கு மேல் உயரம். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இருக்க வந்துவிட்டான். நல்ல பிள்ளை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் கடையில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்து நின்றான்.

“அண்ணா, இது எங்க அப்பா சைக்கிள்ணா.”

அதன் குறுக்குக் கம்பியில் துண்டைச் சுற்றி, அப்பா அவனை உட்காரவைத்து பீச்சுக்குக் கூட்டிப்போவாராம். சொல்லும்போதே அழுதான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சைக்கிளைக் கொடு என்று அவன் கேட்கவே இல்லை, மேடம். கட்டிப்பிடித்து நன்றி சொன்னான். அதற்கப்புறம் நான் என்ன பேசுவது?

சாயங்காலம் அம்மாவே வந்தார். “புள்ள ரொம்ப ஆசப்படுதான் பாலு. செலவு என்ன உண்டோ வாங்கிக்கோங்க. உங்களுக்குப் புதுசா ஒண்ணு வாங்கித் தாரேன்.”

“வச்சுக்கச் சொன்னீங்களேம்மா.”

“அட, அது ஏதோ எரிச்சல்ல சொன்னது. அதப் போயி…” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் பேச்சு. பணம் உடனே போனில் வந்து விழுந்தது, செலவானதற்கு மேலேயே. அடுத்த நாளிலிருந்து பஸ். அடுத்த நாளே இடுப்பு.

ஓட்டிப் பார்த்துவிட்டு அஸ்வத் சொன்னான்: “ரொம்பக் குனிய வேண்டியிருக்குண்ணா. ஹேண்டில்பாரக் கொஞ்சம் ஏத்தித் தர முடியுமா?”

“தாராளமா” என்றேன்.

ஹேண்டில்பாரைத் தாங்குகிற கழுத்துக்கு ஸ்டெம் என்று பெயர். அதன் அடிப்பாகம் முன்பக்கக் குழாய்க்குள் இறங்கி இறுகி நிற்கும். அதில் சுற்றிலும் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். கோடு வெளியே தெரிந்தால் உள்ளே பிடிப்பு போதவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ஏற்றவே கூடாது. சைக்கிள் கடையில் முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற பாடம். நீளமான ஸ்டெம் ஒன்று என் பெட்டியிலேயே இருந்தது. இடுப்பு ரொம்பப் படுத்தினால் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்காக வாங்கியது. அதையுமா கொடுப்பது என்று தோன்றியது. பழையதையே ரெண்டு விரல்கடை ஏற்றினேன். கோடு வெளியே வந்தது. கோட்டை அரத்தால் தேய்த்து எடுத்தேன். அப்புறம் உப்புத்தாள், அப்புறம் பாலிஷ். பத்து நிமிஷ வேலை. அவ்வளவு சுத்தமாக நான் எதையும் தேய்த்ததில்லை.

ஒரே சிக்கல், அந்த இடம் மட்டும் கூடுதலாகப் பளபளத்தது. விஷயம் தெரிந்தவன் பார்த்தால் கேட்பான். அதனால் பூஜை போடலாம் என்று நான்தான் சொன்னேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தெருமுனை அம்மன் கோயில், சக்கரத்துக்கு ஒன்றாக ரெண்டு எலுமிச்சம்பழம், ஒரு முழம் பூ. பூசாரி ஹேண்டில்பாரில் சந்தனம் வைக்கப் போனார். கொஞ்சம் கீழே வையுங்கள் சாமி, கழுத்தில் வைத்தால் பூவுக்கு எடுப்பாக இருக்கும் என்றேன். நிறைய வைத்தார். மேலே குங்குமம் வைத்தார்.

பூஜை போட்ட வண்டியில் சந்தனத்தை நம் ஊரில் எவனும் துடைக்க மாட்டான். அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். நீங்களும் துடைக்கவில்லை, மேடம். உங்களோடு வந்து வண்டியைச் சோதித்தவரும் துடைக்கவில்லை. ‘சந்தனம் குங்குமம் இட்ட நிலையில்’ என்று காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

மேட்டைக் கண்டால் அஸ்வத் எழுந்து நின்று, ஹேண்டில்பாரை மேலே இழுத்து மிதிப்பான். அதை நான் கவனித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேம்பாலம் ஏறி மயிலாப்பூருக்கு டிபன் சாப்பிடப் போவதாகச் சொன்னான். ஆறு மணிக்கே நான் போய் மேம்பாலத்து ஏற்றத்தில் பாதியில் நின்றேன். இங்கே என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. விழுந்தால் பின்னால் வருகிற வண்டி அதன் மேல் ஏறிவிடும். அதற்காகத்தான் நின்றேன்.

வந்தான். எழுந்து நின்றான். ஹேண்டில்பார் கையோடு வந்துவிட்டது. அதை அவன் பார்த்தான், யாரோ பரிசு கொடுத்த மாதிரி. பயப்பட நேரமில்லை. விழுந்தான். பின்னால் தண்ணீர் லாரி. நான் ஓடினேன். சைக்கிளைத் தூக்கினேன், கேபிளில் ஹேண்டில்பார் தொங்க, சுவரோரமாக வைத்தேன். அப்போது லாரி இன்னும் வந்து சேரவில்லை. அஸ்வத் ஒரு கையை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆளை இழுத்துப்போடுகிற நேரம் இருந்தது. நான் முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேசான கோணல்தான், நிமிர்த்திவிடலாம்.

“யோவ், ஆளப் பாருய்யா, சைக்கிள இன்னாத்துக்குத் தூக்கினு ஓடற?” என்று ஒரு ஆட்டோக்காரர் கத்தினார். அவர் கத்தியதும்தான் திரும்பினேன்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். ‘துருப்பிடித்த பழைய இரும்பு, தரமற்ற பழுதுபார்ப்பு, அதனால் விபத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. அந்தச் சைக்கிளில் எதுவும் உடையவில்லை. வேண்டுமானால் ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள். கவட்டை நேராக இருக்கிறது. கியர் அத்தனையும் விழும். ஹேண்டில்பார் கழன்றது, நான் கழல வைத்ததால். பழுதுபார்ப்பில் குறை இல்லை, கொலைதான் நடந்தது. இந்த வித்தியாசம் எழுத்தில் வர வேண்டும். சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தால் அரத்தின் தடம் கொஞ்சம் தெரியும், அதற்கு மட்டும் மன்னிக்க வேண்டும். வெளியே நிறுத்தியிருக்கிற சைக்கிளுக்கு மழைக்கு முன்னால் ஒரு தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். சங்கிலிக்கு ஈரம் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. புதுக் கேபிள் ஒரு மாதத்தில் கொஞ்சம் இளகும், கியர் தடுமாறும். அதனால் பூட்டிக் கொடுக்கிற எவருக்கும் முதல் சர்வீஸைக் காசு வாங்காமல் செய்துகொடுப்பது எங்கள் கடைகளில் வழக்கம். பூஜை முடிந்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போனபோது, ஒரு மாசம் கழிச்சு எடுத்துனு வா தம்பி என்று அஸ்வத்திடம் நானே சொல்லி அனுப்பினேன். இன்றோடு ஒரு மாதம். மற்றபடி எல்லாம் தீர்ந்துவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு நான் தர வேண்டிய பாக்கி அந்த ஒரு சர்வீஸ்தான், மேடம்.