சுவத்துல மாட்டின ஆளு

இல்ல சார், சுவத்துல இருக்கிற அந்தப் பையன் படம் விக்கிறதுக்கில்ல. எவ்வளவு குடுத்தாலும் கிடையாது. எல்லாரையும் போல நீங்களும் இந்த ஸ்டுடியோவுல, நூத்தெழுவது வருசத்துக்கு முந்தி இங்க தங்கம் தோண்ட வந்தவங்க மாதிரி வேசம் கட்டிக்கிட்டு உங்க படத்த எடுத்துட்டுப் போங்க. கைய நீட்டுங்க, கோட்ட மாட்டி விடறேன். ஓடையில தங்கம் அரிக்கப் போயிருந்தீங்களா? பேன்ட்டெல்லாம் ஈரம். பரவாயில்ல, படத்துல தெரியாது. இந்தக் கோட்டுக்கு முதுகுப் பக்கம் துணியே கிடையாது, நாடாதான். முன்னாடி பாத்தா தங்கம் தோண்ட வந்த ஆளு, பின்னாடி பாத்தா ஆஸ்பத்திரி நோயாளி. எல்லாருக்கும் அப்படித்தான், வெக்கப்படாதீங்க.

ஊர்ல நீங்க நடத்துற பாரு சுவத்துல மாட்ட ஒரு பழைய படம் வேணும்னா, அந்தா, அந்தத் தாடிக்காரர எடுத்துக்குங்க. நெசமாவே அந்தக் காலத்து ஆளு. வேணாமா? இந்த மூஞ்சிதான் வேணுமா?

ம், எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. இப்பல்லாம் இப்படி ஒரு மூஞ்சி எங்க கிடைக்குதுன்னு. நேத்து மெல்பர்ன்லருந்து வந்த ஒரு அம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு, பாவம், சின்ன வயசு, எப்படிச் செத்தான்னு கேட்டாங்க. வயித்துப்போக்குன்னு சொன்னேன். அதுக்கு முந்தி வந்தவங்ககிட்ட சுரங்கக் குழியில விழுந்துட்டான்னு சொன்னேன். அவங்க தலையாட்டிட்டு, ஐஸ்க்ரீம் எங்க கிடைக்கும்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

தொப்பியக் கொஞ்சம் எறக்குங்க. வாட்ச்சக் கழட்டி இப்படிக் குடுங்க.

ரெண்டுல எது உண்மையா? ரெண்டுமே பொய்தான் சார். அவன் பேரு டெக்லன். என் மகன். போன ஈஸ்டர் லீவுல, கூட்டமில்லாத நேரமாப் பாத்து, இதே ஸ்டூல்ல உக்கார வெச்சு எடுத்தேன். பழைய படம் மாதிரி தெரிய கம்ப்யூட்டர்ல பழுப்பு ஏத்துனதும் நாந்தான். மூணு வாரம் ஆச்சு, பெண்டிகோ ரோட்டுல அவன் போன காரு மரத்துல மோதிடுச்சு.

ஐயோ, கோட்டக் கழட்டாதீங்க. உக்காருங்க சார். ஊருக்குள்ள யாரப் பாத்தாலும் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவறாங்க. எனக்குன்னா ஒண்ணுமே வரல, கட்டை மாதிரி நிக்கிறேன். வெளியூர்லருந்து இங்க வர்றவங்கதான், இவன் செத்து நூத்தெழுவது வருசம் ஆச்சுன்னு நெனச்சுப் பேசறாங்க. கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படித்தான் இருக்கு. எப்பவோ நடந்து முடிஞ்ச மாதிரி. அந்தப் படத்த உங்க பாருக்குக் கழட்டிக் குடுத்துட்டேன்னா, அப்படிப் பேச யாரும் இருக்க மாட்டாங்க, அவன் இந்த மாசம் செத்தவனா ஆயிடுவான் சார்.