கழுவாத குப்பி

எனக்கு மீன் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இதற்கு நீங்கள் வேறு அர்த்தம் கற்பிக்கக் கூடாது. நின்றபடியே பேசுகிறேன் ஐயா. உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. கொஞ்ச நாளாகவே ஓரிடத்தில் இருப்புக்கொள்வதில்லை.

ஆய்வகத்தில் என் வேலை எளிது. மீன்துண்டை அமிலத்தில் கரைத்துக் கருவியில் ஓட்டினால், அதில் எவ்வளவு பாதரசம் என்று ஓர் எண் வரும். கூடவே மீனே போடாத வெறும் அமிலத்தையும் ஒரு குப்பியில் எடுத்து ஓட்டுவோம். அதில் ஏதாவது தெரிந்தால் அது கண்ணாடியில் ஒட்டியிருந்தது, மீனுடையது அல்ல. ஆகவே அந்த அளவை எல்லா மீனிலிருந்தும் கழித்துவிட வேண்டும். முறை அது. நான் வகுத்ததல்ல.

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வெறும் அமிலத்தைக் கழுவாத குப்பியில் ஊற்றிவிட்டேன். முந்தைய நாள் அதில் பாதரசக் கரைசல் இருந்தது. கழிக்க வேண்டியது கூடிப்போய், கழிமுகத்து மீன் பதினொன்றும் தேறிவிட்டன. "இத்தனை நாள் ஏன்யா எல்லாரையும் பயமுறுத்திட்டிருந்தே?" என்று மேலாளர் தோளில் தட்டினார். கழிமுகத்தில் அதுவரை இருந்த மீன்பிடித் தடையை அன்று மாலையே நீக்கினார்கள்.

திங்கட்கிழமை குப்பிகளை அடுக்கும்போது தவறு தெரிந்தது. மேலாளர் அறைவரை போனேன். உள்ளே படகுக்காரர்கள் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது?

அடுத்த மாதம் ஒழுங்காகக் கழுவி ஓட்டினால் எண் பழையபடி ஏறும், போன மாதம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அதனால் அந்த ஒரு குப்பியை மட்டும் கழுவாமல் ஒதுக்கி வைத்தேன். கழுவாமல் விடுவது சோம்பல், குற்றமா என்ன? நாளடைவில் அதன் கறை தீர்ந்துபோனது. பிறகு மாதம் ஒரு சொட்டுப் பாதரசக் கரைசல் அதில் விட வேண்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். மறைக்கவில்லை ஐயா, கழித்தேன். ஓர் எண்ணைக்கூட அழித்து எழுதியதில்லை.

இரண்டாவது வருடம் தங்கை உண்டாகியிருந்தாள். "அண்ணா, டாக்டரம்மா மீன் நெறைய சாப்பிடச் சொல்றாங்க. நீதானே டெஸ்ட் பண்றே, சாப்பிடலாம்ல?" என்றாள்.

"தாராளமா சாப்பிடு."

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அவளுக்கு ஓட்டை வாய், பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

குழந்தைக்கு மூன்று வயதாகியும் நடை வரவில்லை. கரண்டியைப் பிடித்தால் கை நடுங்கியது. பாதரசம் இருக்கிறதா என்று முடியைப் பரிசோதிக்கச் சொன்னார்கள் டாக்டர்கள். தங்கையே வெட்டி, ரிப்பன் சுற்றி, உறையில் போட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தாள். அதே குப்பியை வைத்துத்தான் ஓட்டினேன். மருமகள் என்பதற்காக முறையை மாற்றினால் அது நேர்மை ஆகாது.

"ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நார்மல்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா" என்று அழுதாள். அன்று மதியம் முள் பார்த்துப் பார்த்து எடுத்து, குழந்தைக்கு மீன் ஊட்டினாள். நான் எதிரே இருந்தேன். எழுந்துபோய்க் கைகழுவினேன். நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

அந்த முடியின் எண்ணை, குப்பியின் அளவைக் கழிக்காமல் ஒரு தடவையாவது பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன், அவள் ஊட்டுவதற்கு முன்பே. அந்த எண் இப்போதும் நினைவிருக்கிறது. ஊட்டாதே என்று சொல்ல அன்று நேரமும் இருந்தது. சொல்லவில்லை.

தங்கை உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். சின்ன வயதில் தன் தட்டில் இருந்த மீனையும் பிடுங்கித் தின்றவன் என்று சொல்லியிருப்பாள். உண்மைதான். எனக்கு மீன் பிடிக்காமல் போனது, குப்பிகளை அடுக்கிய அந்தத் திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்துதான்.